கோலாலம்பூர் – சென்னை: தூரமும் நேரமும்



கோலாலம்பூரிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று நம் தோட்டத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "நாலு மணி நேரம்" என்பார் ஒருவர். "யார் சொன்னது? என் தம்பி ராத்திரி ஒன்பதரைக்கு ஏறினான், பதினொரு மணிக்கெல்லாம் சென்னையிலே இறங்கிவிட்டான், ஒன்றரை மணி நேரந்தான்" என்பார் இன்னொருவர். ஊருக்குப் போய்த் திரும்பி வந்த அம்மாளோ, "ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஏறினோம், இங்கே வந்து சேரக் காலை ஆறே கால் ஆகிவிட்டது; ஆறரை மணி நேரம் உட்கார்ந்து கால் வீங்கிப் போயிற்று" என்பார். இவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. பின்னவர் இருவரும் பயணச்சீட்டில் அச்சடித்திருந்த மணியைப் பார்த்தே சொன்னார்கள். அப்படியானால் போகும்போது பறக்கிற விமானம் வரும்போது தவழ்ந்தா வருகிறது?

இன்னொன்றையும் கவனித்தீர்களா? நாம் கேட்டது தூரம். மூவரும் சொன்னது நேரம். தூரமும் நேரமும் ஒன்றல்ல. பயணச்சீட்டில் காணும் நேரமும், நாம் உண்மையிலே பயணம் செய்யும் நேரமுங்கூட ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரியாததால் கல்யாணத்துக்குப் போனவர் தாலி கட்டிய பிறகு போய்ச் சேர்ந்ததும் உண்டு. அழைத்துச் செல்ல வந்த உறவினர் விமான நிலைய வாசலில் ஓர் இரவு முழுவதும் காத்துக் கிடந்ததும் உண்டு. ஆகவே இதனைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தூரம். எங்கள் தோட்டப் பள்ளியில் ஓர் உலக உருண்டை இருக்கிறது. அதில் கோலாலம்பூர் மேல் ஒரு நூலின் நுனியை வைத்து, சென்னை வரையில் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தால், அந்த நூலே இரண்டு ஊருக்கும் உள்ள மிகக் குறைந்த தூரம். நூலை எடுத்து அளந்து, உருண்டையின் அளவுக்கு ஏற்பப் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். உருண்டை இல்லாத வீட்டில் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். வட்டத்துக்கு 360 பாகை. ஆகவே ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். சிப்பாங்கில் உள்ள நம் விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டே முக்கால் பாகையில் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் 13 பாகையில் இருக்கிறது. வடக்குத் தெற்காக வேறுபாடு பத்தே கால் பாகை. கிழக்கு மேற்காகப் பார்த்தால் நாம் 101¾ பாகையில் இருக்கிறோம். சென்னை 80 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. வேறுபாடு இருபத்தொன்றரை. வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்குவதால் இதை இருபத்தொன்றே கால் என்று வைத்துக்கொள்வோம்.

இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு செங்கோண முக்கோணம் வரையச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 10¼, இன்னொரு பக்கம் 21¼. சாய்ந்த பக்கம் ஏறத்தாழ 23.6 பாகை வரும். அதை 111-ஆல் பெருக்கினால் 2,620 கிலோமீட்டர். அவ்வளவுதான் விடை. நிலநடுக்கோட்டுக்கு அருகிலே உள்ள, மிக நீளமில்லாத வழிகளுக்குத்தான் இந்தச் சுருக்குவழி செல்லும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். லண்டனுக்கு இப்படிக் கணக்குப் போட்டால் தப்பாகும். ஏன் என்பதைப் பிறகு காண்போம்.

இதே கடலைத்தான் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலில் கடந்து வந்தார்கள். 'ரஜூலா' என்ற பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் முதியவர்கள் இன்றும் சில வீடுகளில் உண்டு. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப்பின் 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில், சென்னையை நோக்கிப் போகும் வழியில் நடுக்கடலில் அது தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தனர். நம் மக்கள் கப்பலேறி ஊருக்குப் போய்வந்த காலம் அத்துடன் முடிந்தது. கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அன்றைக்கு "எத்தனை மணிக்குச் சேரும்" என்று யாரும் கேட்கவில்லை. "என்றைக்குச் சேரும்" என்றுதான் கேட்டார்கள். கடிகாரத்தை வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போனார்கள். ஆகவே இந்த மணிக் குழப்பம் அவர்களுக்கு அவ்வளவாக இல்லை. விமானம் வேகமாகப் போவதால் வந்த தொல்லை இது.

இனி வேகத்தைப் பார்ப்போம். பெரிய ஜெட் விமானம் பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,620-ஐ 850-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வருகிறது. ஆனால் பயண நேரம் ஏறக்குறைய நான்கு மணி என்கிறார்கள். மீதி எங்கே போயிற்று?

தைப்பிங் போகும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் அது மணிக்கு 90 கிலோமீட்டர் ஓடலாம். ஆனால் தோட்டத்துச் செம்மண் சாலையிலும், பட்டணத்துச் சந்தியிலும் அந்த ஓட்டம் கிடையாது. விமானத்துக்கும் அப்படியே. கதவைச் சாத்திய பிறகு ஓடுபாதையின் முனைவரை மெல்ல உருண்டு போகவேண்டும். முன்னே நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை நிற்கவேண்டும். மேலே ஏறும்போதும், இறங்குவதற்கு முன் 200 கிலோமீட்டர் தொலைவிலிருந்தே தாழும்போதும் வேகம் குறைவு. சென்னைக்கு மேலே வந்த பிறகும் வரிசை இருந்தால் சுற்றிவரச் சொல்வார்கள். வழியும் நூல் பிடித்ததுபோல் நேராக இராது. வான்வழி என்று வகுத்த பாதையிலே போகவேண்டும். பயணச்சீட்டில் போடும் நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும்வரையில் உள்ள நேரம். இவை எல்லாம் சேர்ந்துதான் மூன்று மணி நான்காகிறது. தூரம் குறைவான பயணத்தில் இந்தக் கூடுதல் பெரிதாகத் தெரியும். லண்டன் போன்ற நெடும்பயணத்தில் அவ்வளவாகத் தெரியாது.

சரி, போக நான்கு மணி, வர நான்கு மணி. பிறகு ஒன்றரை மணியும் ஆறரை மணியும் எப்படி வந்தன? காரணம் கடிகாரம். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். இந்தியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பிந்தியது. நமக்கு இரவு 9.30 என்றால் அங்கே மாலை 7.00. அந்த 7.00-உடன் நான்கைக் கூட்டினால் 11.00. திரும்பும்போது அங்கே இரவு 11.45 என்றால் இங்கே விடியற்காலை 2.15. நான்கைக் கூட்டினால் 6.15. தம்பி சொன்னதும் சரி, அம்மாள் சொன்னதும் சரி.

இரண்டு சீட்டும் கையில் இருந்தால் கடிகார வேறுபாடு தெரியாமலே கணக்குப் போடலாம். ஒன்றரையையும் ஆறரையையும் கூட்டுங்கள்: எட்டு. அதில் பாதி நான்கு. அதுதான் ஒரு வழிப் பயணத்தின் நேரம். ஆறரையிலிருந்து ஒன்றரையைக் கழியுங்கள்: ஐந்து. அதில் பாதி இரண்டரை. அதுதான் இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் உள்ள வேறுபாடு. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தபோது, விடை வந்ததைவிட, அது ஏன் வருகிறது என்று அவர்கள் தங்களுக்குள் வாதாடியதே எங்களுக்கு அதிக மகிழ்ச்சி தந்தது. (விமான நேரங்கள் அவ்வப்போது மாறும். இங்கே சொல்லும் மணிகளைக் கணக்குக்காகவே எடுத்துக்கொண்டோம்.)

ஆனால் இந்த இரண்டரை மணி சூரியன் வகுத்தது அன்று. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். நமக்கும் சென்னைக்கும் இருபத்தொன்றரைப் பாகை. ஆக, நம் தலைக்குமேல் வந்த சூரியன் சென்னைக்குப் போய்ச் சேர 86 நிமிடம், அதாவது ஒன்றரை மணிக்கும் குறைவுதான். மீதி ஒரு மணிச் சொச்சம் அரசாங்கங்கள் வகுத்தது. இந்தியா 82½ பாகைக் கோட்டைக் கொண்டு நாடு முழுமைக்கும் ஒரே மணி வைத்திருக்கிறது. நாமோ 120 பாகைக் கோட்டின் மணியை வைத்திருக்கிறோம். அந்தக் கோடு சபாவையும் தாண்டிப் பிலிப்பைன்ஸ் பக்கம் போகிறது. அதனால்தான் தீபகற்பத்தில் உச்சிவெயில் 12 மணிக்கு வராமல் ஒரு மணிக்கு மேல் வருகிறது. முன்பு இப்படி இல்லை. 1981-ஆம் ஆண்டு முடியும்வரை தீபகற்பத்தின் மணி இன்றைக்கு உள்ளதைவிட அரை மணி பிந்தியிருந்தது. சபா, சரவாக்குடன் ஒரே மணி ஆகவேண்டும் என்று 1982 ஜனவரி முதல் நாள் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. பெரட்டுக்குப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கடிகாரம் மாறிற்று, விடியல் மாறவில்லை. அதற்கு முன் நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டே மணி நேர வேறுபாடுதான். பெரியவர்கள் சிலர் இன்னமும் "ரெண்டு மணி நேரம் கம்மி" என்று சொல்வது இதனால்தான். அவர்கள் படித்தபோது அதுதான் சரி.

இவ்விடத்தில் ஒரு மாணவன் கேட்ட கேள்வியைச் சொல்லியாக வேண்டும். "ஐயா, பூமிதான் கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே! விமானம் சும்மா மேலே எழும்பி நின்றுகொண்டிருந்தால் 86 நிமிடத்தில் சென்னை தானே கீழே வந்துவிடாதா? எண்ணெய் மிச்சந்தானே!" வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி சிரிப்பதற்குரியது அன்று. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. இன்று பறக்கும் எந்தப் பயணிகள் விமானத்தையும்விட இது வேகம். அப்படியிருந்தும் ஏன் அது நடப்பதில்லை? பூமி மட்டும் சுழல்வதில்லை. அதன்மேல் உள்ள காற்றும் கூடவே சுழல்கிறது. சன்னல்கள் மூடிய பள்ளிப் பேருந்துக்குள் ஓர் ஈ பறக்கிறது என்று வையுங்கள். பேருந்து எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்த ஈ பின்கண்ணாடியில் போய் மோதுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றுடன் அதுவும் போகிறது. விமானமும் அந்த ஈயைப் போன்றதுதான்.

அப்படிப் பூமியோடு கூடவரும் காற்று, தன் போக்கிலே இப்பக்கமும் அப்பக்கமும் வீசவும் செய்கிறது. விமானத்துக்கு இதுதான் முக்கியம். ஆற்றில் படகு போவதைப்போல், நீரோட்டத்துடன் போனால் சீக்கிரம், எதிர்த்துப் போனால் தாமதம். சென்னை வழியில் இது சில நிமிடக் கணக்குதான். ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலின் மேல் தென்மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. அதே மாதங்களில் தென்னிந்தியாவுக்குமேல் மிக உயரத்தில் அதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்கே பலத்த காற்று ஓடுகிறது. 1950-களில் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டேசுவரம் இதனை ஆராய்ந்து எழுதினார். அந்த மாதங்களில் சென்னை நோக்கிப் போகும் விமானத்தை அது சற்றே தள்ளிவிடும்.

காற்றின் முழு வலிமையையும் காண வேண்டுமானால் லண்டன் வழியைப் பார்க்கவேண்டும். தாதிப் பயிற்சிக்கென்று நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் போன ஊர் அது. தூரம் சுமார் 10,600 கிலோமீட்டர். போகும்போது பதினான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். திரும்பும்போது ஏறக்குறைய ஒரு மணி குறையும். அந்த உயரத்தில், நமக்கு வெகு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்று மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலே போவதுண்டு. போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது துணைக்காற்று. ஆகவே மேலே சொன்ன கூட்டிப் பாதியாக்கும் கணக்கு லண்டனுக்கு அவ்வளவு துல்லியமாக வராது. அதுவுமன்றி, கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பதால் வேறுபாடு ஏழு மணி; குளிர்காலத்தில் எட்டு.

சுவரில் மாட்டிய தட்டைப் படத்தில் அடிக்கோலை வைத்து லண்டனுக்குக் கோடு போட்டால், அது சென்னைக்குச் சற்று வடக்கே போய், பாரசீக வளைகுடாவின் தலைப்பைத் தொட்டு, துருக்கி வழியாகப் போகும். உருண்டையில் நூலை இழுத்துப் பாருங்கள். அது வங்காள விரிகுடா, வட இந்தியா, ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடல் என்று வடக்கே வளைந்து போகும். வளைவாகத் தோன்றும் இந்த வழிதான் குறுக்குவழி. படத்துக் கோட்டைவிட 400 கிலோமீட்டருக்குமேல் குறைவு. உருண்டையான பூமியைத் தட்டையாக்கியதால் வந்த மயக்கம் இது. ஆனாலும் விமானம் எப்போதும் அந்த நூல்வழியே போக முடிவதில்லை. 2022-இல் ரஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் போர் மூண்டபின் அப்பக்கத்து வானத்தில் பல விமானங்கள் சுற்றிப்போக வேண்டியதாயிற்று. தூரத்தை மண்ணும் கடலும் மட்டும் முடிவு செய்வதில்லை.

மறுபடியும் நம் சென்னை வழிக்கு வருவோம். இதுவரை சொன்னதில் எதை மறந்தாலும் இனிச் சொல்லப்போவதை மறக்கவேண்டாம். ஊருக்குப் போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. பேராக்கில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரில் தகப்பனார் காலமாகிவிட்டார். கருமாதிக்கு அண்ணன் தம்பி இருவரும் புறப்பட்டார்கள். சீட்டில் 15-ஆம் தேதி, 00.20 என்று போட்டிருந்தது. 15-ஆம் தேதி வேலை முடிந்து, குளித்து, சாமான்களைக் கட்டி, இரவு ஒன்பது மணிக்கு விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். விமானம் அன்று விடிவதற்கு முன்பே போய்விட்டிருந்தது. 00.20 என்றால் நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம். 15-ஆம் தேதி பிறந்து இருபதே நிமிடம். அவர்கள் வந்திருக்கவேண்டியது 14-ஆம் தேதி இரவு. சீட்டுப் பணம் போயிற்று. புதுச் சீட்டு எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்து பந்தலையும் பிரித்துவிட்டார்கள். சீட்டில் 00 என்று தொடங்கும் மணியைக் கண்டால், முந்தின நாளின் பெயரைப் பேனாவால் பெரிதாக அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள். "14, வியாழன் இரவு வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும்" என்று எழுதினால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. விமானம் எடுக்கும் நான்கு மணி, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு உள்ள நேரமாகாது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்திலிருந்து சிப்பாங் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வேனில் நான்கு மணி. விமானத்துக்கு மூன்று மணி முன்னதாக அங்கே இருக்கவேண்டும். பறப்பது நான்கு மணி. குடிநுழைவு, சுங்கம், பெட்டி என்று ஒரு மணி. சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு ஏறக்குறைய 340 கிலோமீட்டர். பேருந்தில் ஏழெட்டு மணி. ஆக மொத்தம் பத்தொன்பது இருபது மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சிக்குப் போகும் விமானமும் உண்டு. ஆகாயத்தில் திருச்சி சென்னையைவிடச் சற்றுத் தூரம்; ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். ஆனால் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 60 கிலோமீட்டர்தான். ஆகாயத்தில் 70 கிலோமீட்டர் கூடினாலும், பயணத்தில் ஐந்தாறு மணி நேரம் மிச்சமாகிறது. சீட்டின் விலையை ஒப்பிடும்போது சென்னையிலிருந்து பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவையும் சேர்த்து ஒப்பிடுங்கள். வயதானவர்களையோ கைக்குழந்தையையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை முதலில் பார்ப்பது நல்லது.

அழைத்துச் செல்ல வருகிறவருக்குச் செய்தி சொல்லும்போது நம் மணியைச் சொல்லவேண்டாம். சேரும் தேதி, கிழமை, இந்திய மணி மூன்றையும் சொல்லி, "வெளியே வர இன்னும் ஒரு மணி நேரமாகும்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாம் இரவு 11.30-க்குப் புறப்பட்டால் அங்கே அப்போது மணி ஒன்பது; இறங்குவது ஒரு மணி, அதுவும் மறுநாள் தேதியில். வியாழன் இரவு ஏறுகிறவரை அழைக்க வெள்ளி விடியுமுன் வரவேண்டும்.